கடலுக்குள் ஓர் அமைதி: திமிங்கிலங்களும் மனிதரும்

அரக்கோணத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

அரக்கோணம் கடலைப் பார்க்காத ஊர். சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், வடக்கே திருத்தணி மலையும் அதற்கப்பால் ஆந்திர எல்லையும் அமைந்திருக்க, இருப்புப்பாதைகள் கூடிப் பிரியும் சந்திப்பாகவே இவ்வூர் பெரிதும் அறியப்பட்டுள்ளது. ஆயினும் இவ்வூரை அடுத்துள்ள இந்தியக் கடற்படையின் ராஜாளி வான்தளம் 1992-ஆம் ஆண்டு முதல் வங்காள விரிகுடாவையும் அதற்கப்பாலுள்ள பெருங்கடலையும் கண்காணித்து வருகிறது. இங்கிருந்து 2017 வரை பறந்த டியூ-142 விமானங்களும், 2013 முதல் பறந்துவரும் பி-8ஐ விமானங்களும் நீருக்கடியில் மறைந்து செல்லும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்கென அமைந்தவை. வானிலிருந்து கண்ணால் காண முடியாத நீர்மூழ்கியை அவை செவியால் தேடுகின்றன. விமானத்திலிருந்து கடலில் வீசப்படும் ஒலிமிதவை நீர்ப்பரப்பில் மிதந்துகொண்டு, ‘ஹைட்ரோஃபோன்’ எனப்படும் நீரடி ஒலிவாங்கியைக் கம்பியின் வழியே ஆழத்திற்கு இறக்கி, அங்குக் கேட்கும் ஓசைகளை வானொலி அலையாக மாற்றி மேலே பறக்கும் விமானத்திற்கு அனுப்புகிறது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் ஓர் ஊர், கடலுக்குள் என்ன ஒலிக்கிறது என்பதைக் கேட்கும் தொழிலோடு இவ்வாறு பிணைந்திருக்கிறது.

திமிங்கிலங்களைப் பற்றி மனிதர் இருபதாம் நூற்றாண்டில் அறிந்துகொண்டவற்றுள் மிக முக்கியமான பகுதி, போருக்காக நீரடியில் வைக்கப்பட்ட இத்தகைய செவிகளின் வழியாகவே வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றைச் சொல்வதோடு, காட்டுயிர்களிடம் மனிதர் காட்ட வேண்டிய முதல் மரியாதை அவற்றின் வாழ்வுக்குள் ஓசையோடு நுழையாமல் ஒதுங்கி நிற்பதே என்னும் கருத்தை நிறுவுவதும், அவ்வொதுக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பழகிய ஒன்று என்று காட்டுவதும் இச்சொற்பொழிவின் நோக்கம்.

கடலுக்குள் ஒளி வெகுதூரம் செல்வதில்லை. ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்திற்குக் கீழே சூரிய ஒளியின் பயன் மிகக் குறைந்துவிடுகிறது. ஒலியின் நிலை இதற்கு மாறானது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. மேலும், ஆழம் கூடக்கூட வெப்பம் குறைவதாலும் அழுத்தம் கூடுவதாலும் ஒலியின் வேகம் மிகக் குறைந்திருக்கும் ஓர் அடுக்கு கடலின் நடுவே உருவாகிறது. அவ்வடுக்குக்குள் புகுந்த தாழ்ந்த ஒலி மேலும் கீழும் சிதறிவிடாமல் உள்ளுக்குள்ளேயே வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. நீலத் திமிங்கிலத்தின் குரலில் பெரும்பகுதி மனிதச் செவி கேட்கக்கூடிய கீழெல்லையை, அதாவது நொடிக்கு 20 அதிர்வு என்னும் அளவை, ஒட்டியோ அதற்குக் கீழோ அமைவது. தோழமை தேடுவதும், கூட்டத்தோடு சேர்ந்திருப்பதும், பல்லுள்ள திமிங்கிலங்களில் இரையைக் கண்டறிவதுங்கூட ஒலியாலேயே நிகழ்கின்றன. ஆகவே கடலின் ஒலிச்சூழலைக் கெடுப்பது திமிங்கிலத்தின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வுண்மையை மனிதர் அறிவதற்கு முன்பே திமிங்கிலங்களை எண்ணெயாகவும் எலும்பாகவும் இறைச்சியாகவும் அறிந்திருந்தனர். விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகிடவும் பின்னர் மார்கரின் செய்யவும் அவற்றின் கொழுப்பு உருக்கப்பட்டது. நீராவிக் கப்பலும் வெடிமுனை ஈட்டியைச் செலுத்தும் பீரங்கியும் வந்த பின்னர் வேட்டை தொழிற்சாலை உற்பத்தியாக மாறி, இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இவ்வேட்டை தென்துருவக் கடலுக்கு உரியது, நம் கரைகளுக்குத் தொடர்பற்றது என்று எண்ணுவதற்கு இடமில்லை. சோவியத் ஒன்றியத்தின் வேட்டைக் கப்பல்கள் 1960-களில் அரபிக்கடலுக்குள் புகுந்து, ஓமான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளின் கரைக்கு அப்பால், 240-க்கும் மேற்பட்ட கூனல் திமிங்கிலங்களைச் சட்டத்திற்குப் புறம்பாகக் கொன்றன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை 1966-ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் கொல்லப்பட்டவை. மற்றக் கடல்களின் கூனல் திமிங்கிலங்கள் பருவந்தோறும் துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்குமிடையே நெடும்பயணம் செய்ய, ஆண்டு முழுவதும் அரபிக்கடலிலேயே தங்கிவிடும் இவ்வினம் அந்த அடியிலிருந்து இன்றும் மீளவில்லை. ஓமான் கரையில் எடுக்கப்பட்ட கணக்கு அவற்றின் எண்ணிக்கையை 100-க்கும் கீழே வைக்கிறது. இக்கொலை அக்காலத்தில் பன்னாட்டு அமைப்புகளுக்குத் தெரிவிக்கப்படாமல் மறைக்கப்பட்டு, சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரே அங்குப் பணியாற்றிய உயிரியலாளர்கள் காத்துவைத்திருந்த குறிப்புகளால் வெளிவந்தது. நம் கடலில் நடந்த இந்த அழிவு நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை சோவியத் நீர்மூழ்கிகளைக் கேட்பதற்காக அட்லாண்டிக் கடலடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பொருத்தியபோது, நொடிக்கு 20 அதிர்வு உடைய ஒரு துடிப்பு இடைவிடாமல் பதிவாகிக்கொண்டிருந்தது. பகைவரின் கருவியோ நிலத்தின் அசைவோ எனப் பலவாறு ஐயுறப்பட்ட அவ்வொலி, துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் என்பதை வில்லியம் ஷெவில், வில்லியம் வாட்கின்ஸ் ஆகியோர் 1960-களின் தொடக்கத்தில் உறுதிப்படுத்தினர். அதே காலத்தில் பெர்முடாத் தீவில் கடற்படைக்கான நீரொலிப் பணியில் இருந்த பிராங்க் வாட்லிங்டன், தம் ஒலிவாங்கிகளில் விழுந்த கூனல் திமிங்கிலக் குரல்களை ஒலிநாடாவில் சேர்த்துவைத்து, வேட்டையாடுவோர் கைக்கு அது போய்ச் சேருமோ என்னும் கவலையுடன் 1967-இல் ரோஜர் பெய்ன் என்னும் உயிரியலாளரிடம் ஒப்படைத்தார். அக்குரல்கள் குறிப்பிட்ட அடுக்குகளில் திரும்பத் திரும்ப வரும் பாட்டு வடிவம் கொண்டவை என்பதைப் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். அதற்கு முந்திய ஆண்டிலேயே இசைத்தட்டாக வந்த அப்பாட்டு இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. 1977-இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன்தட்டில் மனித மொழிகளின் வாழ்த்துகளோடு திமிங்கிலக் குரலும் சேர்க்கப்பட்டது. 1982-இல் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தமைக்குக் குறைந்துவரும் எண்ணிக்கையும் அரசியலும் காரணமாயினும், மக்கள் மனத்தை அம்முடிவுக்கு ஆயத்தமாக்கியதில் அவ்விசைத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு. எண்ணெய்ப் பீப்பாயாகக் கருதப்பட்ட ஓர் உயிர் பாடுவதைக் கேட்டபின் அதைப் பழையபடி எண்ணுவது பலருக்கு இயலாமற்போயிற்று.

இந்தியப் பெருங்கடலில் இக்கதை சற்றுத் தாமதமாகத் தொடங்கினாலும் ஒரு வகையில் முந்திக்கொண்டது. சீஷெல்ஸ் என்னும் சிறு தீவு நாட்டின் முன்மொழிவை ஏற்று, 1979-இல் இப்பெருங்கடல் முழுவதையும் தென் அகலக்கோடு 55 பாகை வரை திமிங்கிலப் புகலிடமாக ஆணையம் அறிவித்தது. உலக அளவில் வேட்டையை நிறுத்த முடிவெடுக்கப்படுவதற்கு மூன்று ஆண்டு முன்னரே இங்கு வணிக வேட்டை தடைசெய்யப்பட்டது. அப்புகலிடத்தில் எவை வாழ்கின்றன என்பதை அறிய ‘துலிப்’ என்னும் பாய்மரப் படகில் 1982 முதல் 1984 வரை நிகழ்ந்த ஆய்வுப் பயணத்தின்போது, உள்நாட்டுப் போர் வெடித்துவிட்ட இலங்கையின் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலத்தின் பாட்டு பதிவுசெய்யப்பட்டது. உலகின் மிகப் பெரிய விலங்கு தமிழர் வாழும் கரையொன்றிலிருந்து படகில் சென்று கேட்கும் தொலைவிலேயே வாழ்ந்துவந்தது என்பது அப்போதுதான் ஆய்வுலகிற்குத் தெளிவாயிற்று. பின்னர், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிவதற்காகச் சாகோஸ் தீவுகளை ஒட்டி நிறுவப்பட்ட ஒலிவாங்கிகளின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், முன்னர் அறியப்படாத மற்றொரு நீலத் திமிங்கிலப் பாட்டு அவற்றுள் இருப்பதை 2021-இல் வெளியிட்டனர். ஒரு கடற்கூட்டத்தின் பாட்டு மற்றொரு கூட்டத்தின் பாட்டிலிருந்து வேறுபடுவதால், பாட்டு ஒன்றைக் கண்டறிவது தனித்ததொரு திமிங்கிலக் கூட்டத்தைக் கண்டறிவதற்கு இணையானது. இலட்சத்தீவின் கவரத்தி அருகே ஒலிவாங்கிகளை இறக்கிய திவ்யா பணிக்கரின் ஆய்வும் நீலத் திமிங்கிலங்கள் அக்கடலில் பாடுவதை அதே ஆண்டில் உறுதிசெய்தது.

இவ்விடத்தில் ஒரு கோரிக்கையை முன்வைப்பது பொருத்தமாகும். பனிப்போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை தன் கடலடிச் செவிகளை உயிரியலாளர்களுக்கு ஓரளவு திறந்துவிட்டது; அதன் பயனாகக் கிறிஸ்டோபர் கிளார்க் 1993-இல் ஒரே ஒரு நீலத் திமிங்கிலத்தின் குரலை அட்லாண்டிக்கில் 43 நாள் தொடர்ந்து கேட்டு அதன் பாதையை வரைய முடிந்தது. இந்தியக் கடற்படையின் பழைய நீரொலிப் பதிவுகளிலும் திமிங்கிலக் குரல்கள் இருந்தாக வேண்டும். இடம், ஆழம், கருவியின் திறன் ஆகியவற்றை வெளிப்படுத்தும் விவரங்களை நீக்கி, விலங்குகளின் குரல் மட்டும் அடங்கிய பகுதிகளைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வகங்களுக்கு வழங்குவது நாட்டின் பாதுகாப்புக்குக் குறை செய்யாது. அரக்கோணத்தை அடுத்து இத்தகைய தளம் இருக்கும்போது, இக்கோரிக்கை இவ்வூரின் மேடையிலிருந்து எழுவதே முறை.

கேட்பதற்கென வைத்த கருவிகள் இவ்வாறு அறிவைத் தந்தன. ஆனால் அதே நூற்றாண்டில் மனிதர் கடலுக்குள் கொட்டிய ஓசை அவ்வறிவின் பயனைத் தின்றுகொண்டிருக்கிறது. கப்பலின் சுழல்விசிறி நீரை வேகமாக வெட்டும்போது அழுத்தம் குறைந்து எண்ணற்ற குமிழிகள் தோன்றி உடனே உடைகின்றன. அவ்வுடைவின் ஓசைதான் கப்பல் இரைச்சலின் பெரும்பகுதி, அது பெரிய திமிங்கிலங்கள் பேசும் அதே தாழ்ந்த அதிர்வுகளில் விழுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, கனடாவின் பண்டி விரிகுடாவில் நீரடி இரைச்சல் 6 டெசிபல் தணிந்ததையும், அந்நாள்களில் அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் குறைந்திருந்ததையும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். ஓசை தணிந்தபோதுதான் அதுவரை அது எவ்வளவு துன்பமாக இருந்தது என்பது அளக்கப்பட்டது.

சோனார் எனப்படும் எதிரொலித் தேடுகருவி இதனினும் கடுமையானது. அது தானே உரத்த ஒலியை எழுப்பி, பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்பது. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கில இன உயிர்கள் கரையொதுங்கியதற்கு அமெரிக்கக் கடற்படையின் சோனார்ப் பயிற்சியே பெரும்பாலும் காரணம் என அக்கடற்படை பங்கேற்ற விசாரணை அறிக்கையே ஏற்றுக்கொண்டது. கேனரித் தீவுகளில் 2002-இல் இதே போன்ற இறப்பு நிகழ்ந்தபின் ஸ்பெயின் 2004-இல் அத்தீவுகளைச் சுற்றிச் சோனாரைத் தடைசெய்தது. அதன் பின்னர் அங்கு அத்தகைய கூட்டு இறப்பு நிகழவில்லை என ஆய்வாளர்கள் பத்தாண்டு கழித்து எழுதினர். நாட்டின் பாதுகாப்பும் உயிர்களின் பாதுகாப்பும் ஒன்றையொன்று அழித்தே தீர வேண்டுமென்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்நாட்டுக் கரையில் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கிய நிகழ்வுகளை ஓசையோடு உடனே முடிச்சுப் போடுவது தவறு. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கி இறந்தன. அன்று இக்கடலில் இன்றைய போக்குவரத்து இல்லை. ஏறத்தாழ அதே கரையில், மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழி ஊர்களை ஒட்டி, 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் ஒதுங்கின. இவ்வினம் தாய்வழிக் குடும்பமாகக் கூடி வாழ்வது. இனப்பெருக்கக் காலம் முடிந்த முதிய பெண் விலங்குகளும் பல ஆண்டு உயிரோடிருந்து கூட்டத்தோடு செல்வது. ஒன்று வழி தவறினாலோ நோயுற்றாலோ மற்றவை அதை விட்டுப் பிரியாமல் தொடர்ந்து சென்று ஆழமற்ற மணற்பரப்பில் சிக்கிக்கொள்வதை உலகின் பல கரைகளில் கண்டிருக்கிறார்கள். மணப்பாட்டில் நிகழ்ந்ததற்கு ஐயமற்ற ஒரு காரணம் நிறுவப்படவில்லை.

ஆனால் அங்கு மனிதர் நடந்துகொண்ட விதம் ஐயமின்றித் தெரிந்தது. கரையோர மீனவர்கள் இரவென்றும் பாராமல் நீரில் இறங்கி அவ்விலங்குகளைத் தள்ளினர். கயிறு கட்டிப் படகால் இழுத்து ஆழ்கடலில் விட்டனர். விட்டவற்றுள் சில திரும்பவும் கரைக்கே வந்தபோது மீண்டும் இழுத்தனர். விற்றுப் பணமாக்குவதற்கோ வலையைக் காப்பதற்கோ அவர்கள் அதைச் செய்யவில்லை. அந்த நாளின் தொழிலை இழந்தே செய்தனர். இறந்தவை கரையிலேயே குழி தோண்டிப் புதைக்கப்பட்டன. திமிங்கிலத்தை எழும்பூர் அருங்காட்சியகத்தின் எலும்புக்கூடாகவும், செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும், அம்பர்கிரீஸ் என்னும் திமிங்கில மெழுகுப் பொருளின் கடத்தல் வழக்காகவும் மட்டுமே அறிந்த உள்நாட்டு மக்களுக்கு, அவ்விலங்கின் தோலைக் கையால் தொட்டுத் தள்ளிய இவர்களிடமிருந்து கற்க நிறைய உண்டு. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலங்கள் இடம்பெற்றிருப்பதைப் பலர் வழக்குச் செய்திகளால் அறிகின்றனர். அம்மீனவர்களோ அட்டவணையைப் பார்த்து நீரில் இறங்கவில்லை. ஆவுளியா எனக் கடற்பசுவையும் ஓங்கில் என டால்பினையும் தத்தம் பெயரால் அழைத்துப் பழகிய அம்மக்களின் அறிவு, 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோதும் அதன் அடிப்படையாயிற்று. வலையில் சிக்கும் ஆவுளியாவை உயிரோடு விடுவிப்பவர் அவர்களே.

கடலிடம் ஒதுங்கி நிற்கும் வழக்கம் இக்கரைகளில் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் மீன்பிடிக்கச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை நிறுத்தி வழிபட்டதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. அதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என இன்றைய பெயரிட்டு அழைப்பது மிகை. எனினும் தன்னால் கொல்லப்படும் உயிரின் முன் ஒரு நாளேனும் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் உணர்வு அதில் இருப்பதை மறுக்க இயலாது.

நிலத்தில் இவ்வுணர்வு ஓசையடக்கமாகவே உருக்கொண்டது. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைப் படைவீரர் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சத்தால் ஏரிநீர் உரமாகி வயல் விளைந்தது என்பது அவர்கள் கண்ட பயன். ஆனால் பயனை மட்டும் கருதியிருந்தால் இரு நூற்றாண்டு அது நீடித்திருக்காது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி ஊரார், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக்கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருவிழாவிலும் வெடியோ உரத்த ஒலிபெருக்கியோ இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை வரும் மகிழ்ச்சியை, குழந்தைகள் உட்பட, ஓர் ஊர் முழுவதும் விட்டுக்கொடுப்பது சிறிய செயலன்று. வனத்துறையினர் அவ்வூருக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவதைச் செய்தியாகப் படித்து மகிழ்வதோடு நின்றுவிடாமல், காட்டுயிர்களுக்கு மனிதர் தரக்கூடியவற்றுள் தலையாயது அமைதி என்பதை ஆய்வுகள் சொல்வதற்கு முன்பே அவ்வூர் கண்டுகொண்டது என்று இச்சமூகம் ஏற்றாக வேண்டும்.

இத்தகைய செய்திகள் தமிழ் வாசகரை நூல்வழியே சென்றடைவது இன்னும் போதாது. மா. கிருஷ்ணன் தொடங்கிச் சு. தியடோர் பாஸ்கரன் வரை காட்டுயிர் பற்றிய தமிழ்க் கட்டுரை மரபு பறவைக்கும் யானைக்கும் புலிக்கும் சிறந்த உரைநடையைத் தந்துள்ளது. கடல்வாழ் பாலூட்டிகளுக்கு அவ்வாறான நூல்கள் அரிது. ஆங்கிலத்தில் 1851-இல் வெளிவந்த மெல்வில்லின் ‘மோபி டிக்’ புதினம் திமிங்கிலத்தை மீன் என்றே வகைப்படுத்தியது. 1995-இல் ரோஜர் பெய்ன் எழுதிய நூல் அதைக் குரலுள்ள அண்டை உயிராக அறிமுகப்படுத்தியது. இடையில் நிகழ்ந்த மனமாற்றத்தைத் தமிழில் விரிவாக எழுதுவோர் வேண்டும். குறிப்பாக, 1,076 கிலோமீட்டர்க் கடற்கரை கொண்டதென நெடுங்காலம் பாடம் படித்த ஒரு மாநிலத்தின் உள்நாட்டு நூலகங்களில் அந்நூல்கள் இருக்க வேண்டும்.

ஒதுங்கிக்கொள்ளுதல் கடலில் எத்தகைய வடிவம் பெறும் என்பதற்கு மிக அண்மைய, மிக நெருக்கமான சான்று இலங்கையின் தென்முனையில் உள்ளது. மிரிஸ்ஸைக்கும் தெவுந்தர முனைக்கும் அப்பால் நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் நீர்ப்பரப்பும், கிழக்காசியாவிலிருந்து சூயஸ் நோக்கிச் செல்லும் உலகின் மிக நெருக்கமான கப்பல் வழிகளுள் ஒன்றும் ஒன்றன்மீதொன்று படிந்துள்ளன. இத்திமிங்கிலங்கள் துருவத்திற்குச் செல்லாமல் ஆண்டு முழுவதும் இவ்வெப்பக் கடலிலேயே இருப்பவை என்பதை உலகுக்கு உணர்த்திய ஆஷா டி வோஸ் என்னும் இலங்கை ஆய்வாளரும் அவரைப் போன்ற பிறரும், கப்பல் மோதி அவை இறப்பதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி, வழித்தடத்தைத் தெற்கே நகர்த்துமாறு கேட்டுவந்தனர். உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022-இல் தானாகவே முன்வந்து தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. பல்லாயிரம் மைல் செல்லும் கப்பலுக்கு அவ்வளவு தூரம் விலகுவதால் ஏற்படும் எரிபொருட் செலவு மிகச் சிறிது. மோதலும் குறையும், இரைதேடும் இடத்தில் இரைச்சலும் குறையும்.

ஆனால் ஒரு நிறுவனம் விலகினால் போதாது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வரையறுத்துள்ள போக்குவரத்துப் பிரிப்புத் தடத்தை மாற்றினால்தான் எல்லாக் கப்பல்களும் விலகும். அதற்கான முன்மொழிவைக் கரையோர நாடே அளிக்க வேண்டும். இந்தியாவுக்கு வரும் சரக்குப் பெட்டகங்களுள் கணிசமானவை கொழும்பில் மாற்றியேற்றப்பட்டே சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, அங்கிருந்து இருப்புப்பாதையாலும் லாரியாலும் அரக்கோணம் போன்ற ஊர்களின் கடைகளை அடைகின்றன. எனவே அத்தடத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் கடமையும் இலங்கைக்கு மட்டும் உரியன அல்ல. இலங்கை அரசு அம்முன்மொழிவை அளிக்குமானால் இந்தியா அதனை அந்த அமைப்பில் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்றும், இந்தியத் துறைமுகங்களை நோக்கி வரும் கப்பல்கள் அதுவரை தாமாகவே தெற்கே விலகிச் செல்லுமாறு துறைமுகங்களும் சரக்கு உரிமையாளர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும், இவ்வரங்கில் கூடியுள்ளோர் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவது இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.